பட்டறைப் பக்கம்: ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்

போன இதழில் சைலன்சர் பேக்கிங் மாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். "இரண்டு நட்டையும் கழற்றிவிட்டு" என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். பத்து வருஷம் ஓடிய வண்டியில் அந்த இரண்டு நட்டுதான் மொத்த வேலையும். அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. அதைப் படித்துவிட்டு வேலையில் இறங்கியவர்களில் பலருக்கு ஸ்டட் (இன்ஜினின் தலைப்பாகமான ஹெட்டில் திருகி நிற்கும், நட்டு ஏறும் மரைக் கம்பி) முறிந்திருக்கிறது என்று வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது. ஆகவே இந்த மாதம் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் 100 சிசி வண்டியில் பேக்கிங் மாற்ற உட்கார்ந்தேன். வண்டிக்கு 11 வயது. ஒரு நட்டு கழன்றது. இன்னொன்று ஸ்டட்டோடு முறிந்து கையில் வந்துவிட்டது. ஹெட்டுக்கு வெளியே நான்கு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்டை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். வண்டியில் வைத்தே எடுக்க முடியாதா?
— வாசகர், ஏரல்

முடியும் தம்பி. நான்கு மில்லிமீட்டர் வெளியே நிற்பது உங்கள் நல்ல நேரம். அதைக் காப்பாற்றுவதுதான் இப்போது முதல் வேலை. முறிந்த ஆத்திரத்தில் பிளையரைப் போட்டுத் திருகி, அந்த நான்கு மில்லிமீட்டரையும் மழித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு எண்ணெய் மட்டும் விடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

அது ஏன் பிடித்துக்கொண்டது என்று தெரிந்தால் எப்படி விடுவிப்பது என்பதும் தெரியும். ஸ்டட் இரும்பு, ஹெட் அலுமினியம். மழைத் தண்ணீரும், நம் பக்கத்து உப்புக் காற்றும், சைலன்சர் சூடும் சேர்ந்து ஸ்டட்டைத் துருவாக்குகின்றன. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மரைக்கு இடையில் இருப்பதோ நூல் இடைவெளி. துரு அதை நிரப்பி, இன்னும் இடமில்லாமல் நெருக்குகிறது. ஆக, அந்த ஸ்டட் முறுக்கால் இறுகி நிற்கவில்லை, ஆப்பு வைத்த மாதிரி நிற்கிறது. ஆப்பைத் திருகி எடுக்க முடியாது. முதலில் அதன் பிடியை உடைக்க வேண்டும்.

எண்ணெய்க்கு டபிள்யூடி-40 போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த கலவை அது. நாற்பதாவது முயற்சியில் அமைந்ததால் பெயரில் 40. கைவசம் அதுதான் இருக்கிறதென்றால் அதையே அடியுங்கள். துருவுக்குள் இறங்குவதற்கென்றே விற்கும் எண்ணெய் கிடைத்தால் அது மேல். பட்டறையில் நான் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் பாதிப் பாதி கலந்து வைத்திருக்கிறேன். அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும், கவனம். எதுவானாலும் சாயங்காலம் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை விடுங்கள். ஒவ்வொரு தடவையும் சின்னச் சுத்தியலால் ஸ்டட்டின் முனையில் நேராக, லேசாக ஒரு இருபது தட்டு. பலத்துக்காக அல்ல, அதிர்வுக்காக. அந்த அதிர்வில் துரு நுணுக்கமாக வெடிக்கும், எண்ணெய் அந்த வெடிப்பு வழியாக இறங்கும். முனை காளான் மாதிரி விரியும் அளவுக்கு அடித்துவிடாதீர்கள்.

மறுநாள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சூடு. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். டியூபில் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருப்பைக் காட்ட வேண்டியது ஸ்டட்டில் அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தில். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். 6 மில்லிமீட்டர் ஓட்டையை 150 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் ஓட்டைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே கிடைக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனாலும் ஆப்பு விடுவதற்கு அது போதும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இரும்பு சூடானால் சிவக்கும், அலுமினியம் சிவக்காது. பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், திடீரென்று இளகி விழுந்துவிடும். அதனால் கண்ணை நம்பாதீர்கள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது போல ஹெட்டில் இரண்டு சொட்டுத் தெளியுங்கள். சுர்ரென்று அடங்கினால் இன்னும் கொஞ்சம் சூடு. முத்தாக உருண்டு ஓடினால் போதும், நெருப்பை எடுத்துவிடுங்கள்.

சூடு ஆறும் முன் ஸ்டட்டின் அடியில் ஒரு மெழுகுவத்தியைத் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். இப்போது வைஸ் கிரிப்பை (கடித்தபடியே பூட்டிக்கொள்ளும் பிளையர்) நன்றாக இறுக்கிப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். டக்கென்று ஒரு சத்தம் கேட்டால் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படியே சுற்றி எடுத்துவிடாமல் முன்னும் பின்னுமாக ஆட்டி, எண்ணெய் விட்டு விட்டு எடுங்கள். இரண்டு முறை முயன்றும் வைஸ் கிரிப் வழுக்கினால் மூன்றாவது முறை வேண்டாம். வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

அங்கே செய்ய வேண்டியது இது. முலாம் பூசாத கறுப்பு நட்டு ஒன்று, ஸ்டட்டைவிட ஒரு அளவு பெரியது. உங்கள் 6 எம்எம் ஸ்டட்டுக்கு 8 எம்எம் நட்டு. துத்தநாக முலாம் பூசிய நட்டு என்றால் புகை நெஞ்சைப் பிடிக்கும். நட்டை ஸ்டட்டின் மேல் வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங் விட்டு, ஸ்டட்டின் முகத்தில் தொடங்கி நட்டின் விளிம்புவரை நிரப்பச் சொல்லுங்கள். சிஓ2 வெல்டிங் இருந்தால் உத்தமம், கரண்ட் வெல்டிங் என்றால் 2.5 எம்எம் ராடு. இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது, அதனால் ஹெட்டுக்குப் பயப்பட வேண்டாம். வெல்டிங்கின் சூடு ஸ்டட்டின் உயிருக்குள்ளேயே இறங்குவதுதான் இதன் பலம். சிவப்பு மறைந்து கறுத்ததும் 13 நம்பர் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நட்டு பிய்ந்து வந்தால் மனம் தளர வேண்டாம், இன்னொரு நட்டு. மூன்றாவது, நான்காவது நட்டில் வந்த ஸ்டட்டுகள் என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

வெல்டிங்குக்கு முன் மூன்று விஷயம். பேட்டரியின் நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். இன்ஜெக்ஷன் வண்டியானால் ஈசியூ என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாக்கெட்டையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிளிப்பைச் சேசிஸில் மாட்டாமல் ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைத் தின்னும். அந்த இடத்தைப் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு வெல்டிங் வைக்கவே கூடாது. சில கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். உயிர் போகிற விஷயம்.

ஸ்டட் ஹெட்டுக்குச் சமமாக முறிந்துவிட்டது. ஓட்டை போட்டு ஈஸி-அவுட் (முறிந்ததற்குள் திருகி வெளியே எடுக்கும் கூம்புக் கருவி) விட்டேன். அதுவும் உள்ளேயே முறிந்துவிட்டது. இனி என்ன செய்வது?
— வாசகர், கோவில்பட்டி

இதே தவறை நானும் செய்தவன். எனக்கு அப்போது 16 வயது. முத்தையாபுரம் பக்கத்து உப்பளத்தில் ஒரு பம்பு இன்ஜின், சித்திரை வெயில், பாத்திக்குத் தண்ணீர் நின்றுபோயிருந்தது. புகைப் பெண்டின் ஸ்டட் முறிந்திருந்தது. மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில், அவர் வரும் முன் எடுத்துவிடலாம் என்று ஈஸி-அவுட்டைப் போட்டு டேப் ஹேண்டிலால் திருகினேன். கண்ணாடி மாதிரி படீரென்று போனது. மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை. கெட்டியான பஞ்ச் ஒன்றைத் தீட்டிக்கொண்டு வந்து, ஈஸி-அவுட்டைத் துகள் துகளாக உடைத்துக் காந்தத்தால் பொறுக்கினார். இருட்டும்வரை அதே வேலை. பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். நடுவில் ஒரு தடவை கேட்டார்: "ஆறு எம்எம் கம்பி தாங்காத முறுக்கை, மூணு எம்எம் கம்பி எப்படிடே தாங்கும்?"

தம்பி, அவ்வளவுதான் விஷயம். முழு ஸ்டட்டே துருவின் பிடியை வெல்ல முடியாமல் முறிந்திருக்கிறது. அதற்குள் போட்ட ஓட்டையில் நுழையும் ஈஸி-அவுட் அதைவிட மெல்லியது. போதாக்குறைக்கு அது கூம்பு வடிவம். திருகத் திருக ஸ்டட்டின் சுவரை வெளியே தள்ளி இன்னும் இறுக்குகிறது. துருப் பிடித்து முறிந்ததில் ஈஸி-அவுட்டைப் போடவே கூடாது. புது போல்ட்டை அதிகமாக இறுக்கித் தலை துண்டானது என்றால் அது வேறு கதை. தலை போனதுமே இறுக்கமும் போய்விடும், உள்ளே இருப்பது தளர்ந்து நிற்கும். அதற்கு ஈஸி-அவுட் நல்ல சாமான்.

உங்களுக்கு இப்போது இரண்டு வழி. மேஸ்திரி செய்தது வார்ப்பிரும்பில். உங்கள் ஹெட் அலுமினியம், பஞ்ச் வழுக்கினால் மரை போய்விடும், அதனால் அதைச் சொல்ல மாட்டேன். ஹெட்டை இறக்கி, டை செய்யும் பட்டறையில் ஸ்பார்க் மெஷினில் கொடுங்கள். ஈடிஎம் என்பார்கள். செம்பு எலக்ட்ரோடிலிருந்து தாவும் மின்பொறி உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுக்கும். தொடாமலே வேலை செய்வதால் ஈஸி-அவுட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கவலையில்லை. மின்தொடர்புகள் பொறியில் தேய்வதைத் தடுக்க வழி தேடிய லாசரெங்கோ தம்பதியர், அந்தத் தேய்மானத்தையே ஒரு கருவியாக்கலாம் என்று 1943-ல் சோவியத் ரஷ்யாவில் கண்டுபிடித்தது இது. ஈஸி-அவுட்டும் ஸ்டட்டின் நடுப்பகுதியும் போய், மரையில் மிச்சம் இருக்கும் தகட்டை ஊசியால் உரித்துவிடலாம்.

மற்ற வாசகர்களுக்காக: சமமாக முறிந்தாலும் முதலில் நட்டு வெல்டிங்தான், டிரில் அதற்குப் பிறகுதான். டிரில் போடும்போது நடுவில் போடுவதுதான் முழுக் கஷ்டமும். டிரில் எப்போதும் மிருதுவான உலோகத்தின் பக்கம் ஓடும், பக்கத்தில் அலுமினியம் இருக்கிறது. நான் செய்வது இது. லேத்தில் ஒரு சின்ன புஷ் (குழாய் மாதிரித் துண்டு) கடைந்துகொள்வேன். வெளி அளவு சைலன்சர் ஃபிளாஞ்சின் (ஸ்டட்டில் மாட்டும் தகட்டின்) ஓட்டைக்குச் சரியாக, உள் அளவு 3 மில்லிமீட்டர். நல்ல நிலையில் உள்ள மற்ற ஸ்டட்டில் ஃபிளாஞ்சை மாட்டி இறுக்கி, முறிந்த பக்கத்து ஓட்டையில் புஷ்ஷை நுழைத்தால் டிரில்லுக்கு வேறு வழி இல்லை, நடுவில்தான் போக வேண்டும். புகை வழியில் துணி அடைத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள். கடைசியாக 5 மில்லிமீட்டர் டிரில், 6 எம்எம் மரைக்கு அதுதான் அளவு. அதையும் மீறி மரை போனால் ஹெலிகாயில் போடலாம். அலுமினிய மரையைவிட அந்தக் கம்பிச்சுருள் மரை நீடித்து உழைக்கும், அதனால் அதை ஒட்டுவேலை என்று நினைக்க வேண்டாம்.

என் தாத்தா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். முறிந்த திருகைப் படிகாரத் தண்ணீரில் போட்டுக் கரைப்பார் என்று அம்மா சொல்கிறார். இன்ஜினுக்கும் அது பலிக்குமா?
— வாசகி, திண்டுக்கல்

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. உங்கள் தாத்தா செய்தது சரியான வேலை. சலூனில் முகத்தில் தேய்க்கும் அதே படிகாரம்தான். வெந்நீரில் நிறையக் கரைத்தால் அந்தத் தண்ணீர் புளிப்புத் தன்மை கொண்டு இரும்பைத் தின்னும். பித்தளையைத் தொடாது. கடிகாரத் தட்டு பித்தளை, திருகு இரும்பு, ஆகவே திருகு மட்டும் கரைந்து போகும்.

அலுமினியத்திலும் இது நடக்கும். முறிந்த போல்ட்டோடு ஒரு அலுமினிய மூடியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் படிகாரத் தண்ணீரில் மூழ்கவைத்து, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருந்தால் போல்ட்டிலிருந்து மட்டும் பொடிக் குமிழிகள் கிளம்பும். குமிழி வந்தால் வேலை நடக்கிறது. குறைந்தால் தண்ணீரை மாற்ற வேண்டும். 6 எம்எம் போல்ட்டுக்கு நாள்கணக்கில் ஆகும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள்.

ஆனால் சிலிண்டர் ஹெட்டை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள். வால்வு உட்காரும் வளையங்கள் இரும்பு வகை, பல ஹெட்டுகளில் வால்வு கைடும் அப்படித்தான். போல்ட்டோடு அவையும் அரிக்கப்படும். கார்புரேட்டர் மேனிஃபோல்ட், கிளட்ச் மூடி போன்று முழுக்க அலுமினியமாக, பேரிங் எல்லாம் கழற்றிய பாகத்துக்கு மட்டும் இந்த வைத்தியம்.

ஃபைபர் படகில் அவுட்போர்டு மோட்டார். தண்ணீர் பம்பு மாற்றக் கீழ்ப்பாகத்தைக் கழற்றும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலை முறிந்தது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்கிறார்களே?
— வாசகர், பாம்பன்

போல்ட் துருப்பிடிக்கவில்லை. அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் கரைந்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் கடல் தண்ணீரில் ஒன்றாக நனைந்தால் அது ஒரு பேட்டரி. அதில் அழிவது அலுமினியம். முறிந்த இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு பொடி இருக்குமே, அதுதான். துருவைவிட அது கல்லாக இறுகும், எண்ணெய் எளிதில் இறங்காது. அதனால் உங்களுக்குச் சூடுதான் முதல் மருந்து. உள்ளே ரப்பர் சீல் இருக்கிறது, நெருப்பை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

மற்ற போல்ட்டுகள் கழன்றுவிட்டால் கீழ்ப்பாகத்தை மெல்ல அசைத்து இறக்கப் பாருங்கள். இறங்கிவிட்டால் முறிந்த போல்ட்டின் தண்டு நீளமாக வெளியே நிற்கும், அதில் நட்டை வெல்டிங் வைப்பது சுலபம். டிரில் போடத்தான் வேண்டும் என்றால் கோபால்ட் டிரில், குறைந்த வேகம், விடாத அழுத்தம். ஸ்டெயின்லெஸ்ஸை அழுத்தாமல் தேய்த்தால் அந்த இடம் இன்னும் கெட்டியாகிவிடும், அப்புறம் எந்த டிரில்லும் ஏறாது. மேலே உள்ள படிகாரமும் ஸ்டெயின்லெஸ்ஸிடம் பலிக்காது.

புது போல்ட்டை மரைன் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மோட்டாரை ஓடவிட்டுக் கழுவுங்கள். துத்தநாகக் கட்டி தேய்ந்து பாதியானதும் மாற்றுங்கள். பேட்டரியில் அலுமினியத்துக்குப் பதிலாகத் தன்னை அழித்துக்கொள்வதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

மறுபடி முறியாமல் இருக்க 12.9 என்று தலையில் போட்ட ஆலன் போல்ட்டை மாட்டலாமா?
— வாசகர், சிவகாசி

வேண்டாம். தலையில் இருக்கும் அந்த எண் போல்ட்டின் பலத்தைச் சொல்வது. 8.8 போல்ட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் தாங்கும், 12.9 என்றால் 1200. முறிவது குறையலாம், ஆனால் அதற்குப் பதில் ஹெட்டின் மரை பிய்ந்து வரும். போல்ட் விலை சொற்பம், ஹெட் அப்படி இல்லை. 12.9 உள்ளே முறிந்தால் டிரில் போடுவதும் பெரும்பாடு. கம்பெனி கொடுத்த வகையையே வாங்கி, மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்து, செம்பு கலந்த ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) கொஞ்சமாகத் தடவி மாட்டுங்கள். சாதாரண 6 எம்எம்முக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். 15 செ.மீ. ஸ்பேனர் நுனியில் ஏறக்குறைய 7 கிலோ இழுப்பு அது. ஆன்டி-சீஸ் தடவியிருந்தால் வழுக்கும், அதனால் அதைவிடக் குறைத்து இறுக்குங்கள்.

ஐடிஐ-யில் மெக்கானிக் படிக்கிறேன், முதல் வருஷம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். போன வாரம் ஒரு போல்ட்டை முறித்துவிட்டேன். முறியப் போகிறது என்று கைக்கு முன்கூட்டியே தெரியும் என்கிறார் சார். எனக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்?
— மாணவி, திருநெல்வேலி

தெரியும் மகளே. யாருக்கும் முதல் வருஷத்தில் தெரிந்துவிடாது. சொல்லிக்கொடுக்கக் கூடியதுதான் அது.

துரு விடும்போது சத்தம் போடும். டக்கென்று ஒரு வெட்டு, அப்புறம் கிரீச் கிரீச்சென்று தடங்கித் தடங்கிச் சுற்றும். ஸ்பேனர் கையில் அதிரும். அது நல்ல அறிகுறி. முறியப் போகிற போல்ட் சத்தமே போடாது. ஸ்பேனர் நகரும், ஆனால் ஈர ரப்பரை முறுக்குகிற மாதிரி மெத்தென்று நகரும். கழல்கிறது என்று மனசு சந்தோஷப்படும் நேரம் அதுதான். உள்ளே மரை அசையவில்லை, நடுவில் கம்பிதான் முறுக்கிக்கொண்டிருக்கிறது. சத்தமில்லாமல் மெத்தென்று நகர்ந்தால் உடனே நிறுத்தி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி, எண்ணெய்க்கும் சூட்டுக்கும் போய்விட வேண்டும். ஸ்டட்டின் முனை வெளியே தெரிந்தால் நட்டிலும் ஸ்டட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுக்கொள். கோடு எங்கே பிரிகிறது என்று கண்ணும் சொல்லும்.

கைக்குப் பழக ஒரு வழி இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த 6 எம்எம், 8 எம்எம் போல்ட்டு, நட்டோடு, ஒரு கிலோ வாங்கு. வைஸில் பிடித்து நீள ஸ்பேனர் போட்டு வேண்டுமென்றே ஒவ்வொன்றாக முறி. கண்ணாடி மாட்டிக்கொள். அவசரப்படாமல், அந்த மெத்தென்ற இடம் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் கவனி. என் பட்டறையில் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் இந்த ஒரு வேலைதான். முப்பதாவது, நாற்பதாவது போல்ட்டில் அவர்களாகவே கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். முறித்துப் பார்த்துவிட்டு எத்தனையாவதில் உன் கை நின்றது என்று எனக்கு எழுது.